பன்னாட்டு விவகாரங்களில் முதுநிலைப் பட்டம்: சேரும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பன்னாட்டு விவகாரங்களில் பெறும் முதுநிலைப் பட்டம், மருத்துவப் பட்டத்தையோ சட்டப் பட்டத்தையோ போல ஒரு தொழிலைச் செய்வதற்கான உரிமம் அன்று. அந்தப் பட்டம் இல்லாதவர் நுழையவே முடியாத வேலைகள் மிகச் சிலவே. அந்தப் பட்டம் இருந்துவிட்டால் போதும், வேலை கிடைத்துவிடும் என்று சொல்லத்தக்க இடமும் கிடையாது. ஆகவே, இதன் மதிப்பு என்ன என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. யார், எந்த வேலையை மனத்தில் வைத்து, எவ்வளவு செலவில், வேறு எதைக் கூடச் சேர்த்துப் படிக்கிறார் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருளாதாரம், சட்டம், ஒரு மொழி, ஒரு வட்டாரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றில் உறுதியான பயிற்சியோடு சேர்ந்து வரும்போதுதான் இந்தப் பட்டம் விலைபோகிறது, தனியாக வரும்போது நல்ல பொது அறிவாக நின்றுவிடுகிறது. இந்தத் துறைக்குப் புதியவர் ஒருவர் எந்த வரிசையில் யோசித்து, எந்த இடத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் திறப்பதற்கு முன், பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்து எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க விரும்புகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கும்போது பெரும்பாலும் மனத்தில் இருப்பது இந்திய வெளியுறவுப் பணி. அதற்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை. ஐ.எஃப்.எஸ். அதிகாரிகள் யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வின் வழியாகவே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் போதுமானது. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 21 முதல் 32 வரை. முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள்களில் 500 மதிப்பெண்கள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த 500 மதிப்பெண்களுக்காக இரண்டு ஆண்டுகளையும் பல லட்சங்களையும் வெளிநாட்டில் செலவிட வேண்டியதில்லை.

இதற்கு ஒரே குடும்பத்திலேயே இருவிதச் சான்றும் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்ரமணியம் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியலில் முதுநிலை படித்துவிட்டு ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்தவர். சர்வதேச உறவுகளில் அவரிடம் பட்டம் எதுவும் இல்லை. ஆயினும் டெல்லியில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருமுறை இருந்தார், 1999-ல் கார்கில் மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவருடைய மகன் எஸ். ஜெய்சங்கர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளில் முனைவர் பட்டம் பெற்றவர். 1977-ல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். இரண்டு பாதைகளும் திறந்தே இருக்கின்றன; இந்தப் பட்டத்தை வாங்கிவிட்டால் தேர்வில் தேறிவிடலாம் என்ற வழி மட்டும் கிடையாது.

இரண்டாவது கனவு ஐக்கிய நாடுகள் சபை. இங்கே முதுநிலைப் பட்டத்துக்குக் கண்கூடான மதிப்பு உண்டு. நிபுணர் பிரிவின் தொடக்க நிலையான பி-2 பதவிக்கு முதுநிலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் கேட்பது வழக்கம். இளநிலைப் பட்டம் மட்டும் உள்ளவர் கூடுதலாக இரண்டு ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். ஆகவே, கணக்குப் பார்த்தால், ஐ.நா.வின் தராசில் முதுநிலைப் பட்டத்தின் எடை இரண்டாண்டு வேலை அனுபவத்தின் எடைதான். இளம் நிபுணர் திட்டத்துக்கு இளநிலைப் பட்டமே போதும். ஆனால் வயது 32-க்குள் இருக்க வேண்டும், உங்கள் நாடு அந்த ஆண்டின் பட்டியலில் இருக்க வேண்டும். தலைமைச் செயலகத்தின் பயிற்சி வேலைகளுக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ அறை வாடகையைக் கைக்காசிலிருந்து கொடுக்கக்கூடியவருக்கே அவை எட்டும். இதை நான் பல ஆண்டுகளாகவே இந்த அமைப்பின் பெரிய குறையாகக் கருதி வருகிறேன். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் வாழ்க்கைப்படி கிடைக்கிறது என்பதால், வசதி இல்லாதவருக்கு அதுவே நேர்மையான நுழைவாயில்.

முதுநிலைப் பட்டத்தை ஏறத்தாழக் கட்டாயமாகவே கேட்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, உலக வங்கியின் இளம் நிபுணர் திட்டம். மற்றொன்று, கல்லூரி, ஆய்வு நிறுவனப் பணிகள். முதலாவதில் பொருளாதாரம் தெரியாதவர் கரையேறுவது கடினம். இரண்டாவதில் முனைவர் பட்டம் வரை போகும் பொறுமை வேண்டும்.

மாணவர்கள் அதிகம் எண்ணிப் பார்க்காத இன்னோர் இடம் தனியார் துறை. ஒரு வங்கி ரஷ்யாவோடும் ஈரானோடும் தொடர்புடைய பணப் பரிமாற்றத்தைக் கையாளும்போது, அமெரிக்கக் கருவூலத்தின் தடைப் பட்டியலில் யார் இருக்கிறார், அவருக்குச் சொந்தமான நிறுவனங்கள் எவை என்று பார்த்துச் சொல்ல ஆள் தேவைப்படுகிறது; அந்த வேலையின் கணிசமான பகுதி சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதத்தைத் தொட்டபோது திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் தவித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் இந்தியா பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு சட்டை எந்த நாட்டில் உருவானதாகக் கருதப்படும், அதற்கு எந்தச் சலுகை வரி பொருந்தும் என்ற உற்பத்தி மூல விதிகளை வாசித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவரை அந்த ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் கணிப்பில், பன்னாட்டு வணிகச் சட்டத்தையும் பொருளாதாரத்தையும் சேர்த்துப் படித்த ஒருவருக்கு நியூயார்க்கைவிடத் திருப்பூரில்தான் போட்டி குறைவு.

இரண்டாம் படி: இரண்டு வகைப் பட்டங்களைப் பிரித்தறியுங்கள்

ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் விற்கப்படுகின்றன. முதல் வகை, சர்வதேச உறவுகளை ஓர் ஆய்வுத் துறையாகக் கற்பிப்பது. முதல் உலகப் போரின் பேரழிவுக்குப் பிறகு, நாடுகள் ஏன் போரிடுகின்றன என்பதை முறைப்படி ஆராய வேண்டும் என்ற எண்ணத்தில் 1919-ல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் இதற்கென முதல் பல்கலைக்கழகத் துறை தொடங்கப்பட்டது. லண்டன் பொருளாதாரப் பள்ளி, ஜே.என்.யு. போன்ற இடங்களின் பாடத்திட்டம் பெரிதும் இந்த மரபைச் சேர்ந்தது: கோட்பாடுகள், வரலாறு, நீண்ட கட்டுரைகள், ஆய்வேடு. முனைவர் பட்டத்துக்குப் போக நினைப்பவருக்கு ஏற்றது இது.

இரண்டாம் வகை, தொழிற்பயிற்சிப் பள்ளி. அதே 1919-ல் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வெளியுறவுப் பணிப் பள்ளி தொடங்கியது. 1933-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃப்ளெட்சர் பள்ளி வந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-ல், இன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும் சைஸ் பள்ளி வந்தது. பாரிஸின் சியான்ஸ் போ, பெர்லினின் ஹெர்ட்டி பள்ளி ஆகியவை இந்த நூற்றாண்டில் இதே வழியில் நடக்கின்றன. இங்கே நுண்பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல் ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது. பல பள்ளிகள் பட்டம் தருவதற்கு முன் ஓர் அயல்மொழியில் தேர்ச்சியைக் கேட்கின்றன. இறுதியில் ஆய்வேட்டுக்குப் பதிலாக, ஓர் அரசுத் துறைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ குழுவாகச் செய்து கொடுக்கும் பணி இருக்கும்.

இந்த இரண்டாம் வகைப் படிப்பின் பலன் என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் விளங்கும். அங்கே அடிக்கடி தரப்படும் பயிற்சி, இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு. பாக் நீரிணை மீனவர் சிக்கலைப் பற்றி வெளியுறவுச் செயலருக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழகாத மாணவர் கச்சத்தீவின் வரலாற்றில் தொடங்கி, முதல் பக்கம் முடியும்போதும் ராமநாதபுரம் சமஸ்தானத்திலேயே நிற்பார். பழகியவர் முதல் வாக்கியத்தில் தன் பரிந்துரையைச் சொல்லிவிடுவார். பிறகு சட்டம்: 1974 ஒப்பந்தம் இந்திய மீனவரும் யாத்திரிகரும் பயண ஆவணமின்றிக் கச்சத்தீவுக்குச் செல்ல இடமளிக்கிறது, 1976-ல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒரு நாட்டுப் படகுகள் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிப்பதைத் தடுக்கின்றன, கச்சத்தீவைப் பற்றிய வாதம் மட்டும் மீன்பிடிச் சிக்கலைத் தீர்க்காது என்பதை இந்த ஒரு வரியில் காட்டிவிடலாம். அடுத்தது சூழலியலும் உள்நாட்டு அரசியலும்: இலங்கை 2017-ல் இழுவைமடி மீன்பிடிப்பைத் தடை செய்தது, எதிர்க்கரையில் பாதிக்கப்படுவோர் போருக்குப் பிறகு தொழிலுக்குத் திரும்பிய வடமாகாணத் தமிழ் மீனவர்கள் என்பதால், இதை இரு இனங்களுக்கு இடையிலான சண்டையாகச் சித்திரிக்க முடியாது.

அதற்கு அடுத்தது பொருளாதாரம், அங்கேதான் குறிப்பின் உயிர் இருக்கிறது. இழுவைப் படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாறுவதற்காக 2017-ல் வந்த திட்டத்தில் ஒரு படகின் விலை 80 லட்சம் ரூபாயாக வைக்கப்பட்டது. மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20 சதவீதம், மீனவர் கைப்பணம் 10 சதவீதம். எட்டு லட்சம் கைப்பணமும் பதினாறு லட்சம் கடனும் போட்டு, பழகாத கடலில், பழகாத முறையில், நாட்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்ய ஒரு ராமேசுவரத்து விசைப்படகு உரிமையாளர் ஏன் தயங்குகிறார், கடல் போய் அன்றே திரும்பும் கூலித் தொழிலாளிக்கு அதில் என்ன இடம் என்று கேட்டு, திட்டத்தில் எதை மாற்றினால் அவர்கள் மாறுவார்கள் என்று சொல்வதுதான் குறிப்பின் பரிந்துரை. கடைசியாக, இதை யார் எதிர்ப்பார்கள், அவர்களுக்கு என்ன பதில் என்று இரண்டு வரிகள். சட்டம், சூழல், பொருளாதாரம், அரசியல் நான்கையும் இரண்டு பக்கத்துக்குள், முடிவெடுக்க வேண்டியவரின் மேசைக்கு ஏற்ற வடிவில் அடக்கும் இந்தத் திறனைத்தான் நல்ல தொழிற்பயிற்சிப் பள்ளி கற்றுக்கொடுக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்காத பள்ளிக்கு எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும், நீங்கள் கொடுக்கும் கட்டணம் அந்தப் பெயருக்கான கட்டணம் மட்டுமே.

மூன்றாம் படி: சேரும் முன் சிறிய அளவில் சோதித்துப் பாருங்கள்

செய்தித்தாளில் உலகச் செய்திப் பக்கத்தை விரும்பிப் படிப்பது வேறு, அதையே தொழிலாகக் கொள்வது வேறு. வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில், நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விகளும் அமைச்சகம் தந்த பதில்களும் தொடர்ந்து வெளியாகின்றன. அவற்றைச் சில வாரங்கள் வாசித்துப் பாருங்கள். எதைச் சொல்கிறார்கள், எதைக் கவனமாகச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது உங்களுக்கு உற்சாகம் தருகிறதா, சலிப்பூட்டுகிறதா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். பெங்களூருவின் தக்ஷசீலா நிறுவனம் 12 வார இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது; வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். இலங்கை வாசகர்களுக்குக் கொழும்பில் பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கை நிலையத்தின் டிப்ளோமா படிப்புகள் இதே பயனைத் தரும். இந்திய வெளியுறவு அமைச்சகமே பட்டதாரிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையோடு பயிற்சி வாய்ப்பு வழங்குகிறது. 25 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் காலம் கடந்த பிறகே அறிகிறார்கள்.

மொழியையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். சென்னையில் பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மனுக்கு கோத்தே நிறுவனம், கொரியனுக்கு இன்கோ மையம் என்று வகுப்புகள் கிடைக்கின்றன. அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானியம் ஆகிய ஆறும் ஐ.நா.வின் அலுவல் மொழிகள் என்பதால், ஆப்பிரிக்காவில் பணி தேடுபவருக்குப் பிரெஞ்சு இல்லாமல் பாதிக் கதவுகள் திறக்காது. இந்தியத் தமிழ் மாணவர்கள் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மொழியையும் சொல்ல வேண்டும்: சிங்களம். கொழும்பின் நாளிதழ்களை மூலத்திலேயே வாசிக்கத் தெரிந்த ஆய்வாளர் இந்தியாவில் அரிது. தமிழும் சிங்களமும் அறிந்தவர் அந்த வட்டாரத்தின் நிபுணராக எளிதில் நிற்கலாம்.

நான்காம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவிலேயே படிப்பதைத் தோற்றவர்களின் தேர்வாக நினைப்பது தவறு. ஜே.என்.யு.வின் சர்வதேச ஆய்வுகள் பள்ளி 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-ல் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வட்டார ஆய்வுகளில் அதற்கு நிகரான இடம் இந்தியாவில் இல்லை, கட்டணமோ மிகக் குறைவு. இப்போது சேர்க்கை தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வின் மூலம் நடக்கிறது. டெல்லியிலேயே சார்க் நாடுகள் சேர்ந்து 2010-ல் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் இலங்கை, நேபாள, வங்கதேச மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமரலாம். அண்டை நாட்டு நண்பர்களைப் பெறுவது இந்தத் தொழிலில் பிற்காலத்தில் பெரிய மூலதனம். புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் அரசியலையும் சர்வதேச உறவுகளையும் இணைத்து முதுநிலைப் பட்டம் தருகிறது.

சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எஸ். ராஜரத்தினம் பன்னாட்டு ஆய்வுகள் பள்ளி ஓராண்டு முதுநிலைப் படிப்புகளை நடத்துகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான ராஜரத்தினம், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சட்டம் படிக்கப் போய், போர்க்காலத்தில் பட்டத்தை முடிக்காமலே பத்திரிகையாளரானவர். பட்டம் முடிக்காதவரின் பெயரில் பட்டமளிக்கும் பள்ளி இயங்குகிறது என்பதை அங்கே விண்ணப்பிப்பவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். தென்கிழக்கு ஆசியா, சீனா, கடல்சார் பாதுகாப்பு ஆகியவற்றில் ஆர்வம் உள்ளவருக்கு அது பொருத்தமான இடம்.

ஐரோப்பாவில் விலைக்கு மதிப்பு அதிகம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பெர்லினின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களும் போட்ஸ்டாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து சர்வதேச உறவுகளில் ஒரு கூட்டுப் பட்டம் தருகின்றன. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு: ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பல, இளநிலையிலேயே அரசியல் அறிவியலோ சமூக அறிவியலோ குறிப்பிட்ட அளவு படித்திருக்க வேண்டும் என்று விதிக்கின்றன, பொறியியல் பட்டதாரிகள் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். ஜெனீவாவில் 1927-ல் தொடங்கிய பட்டப் படிப்பு நிறுவனம் (கிராஜுவேட் இன்ஸ்டிட்யூட்) உலக வணிக அமைப்பின் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோஃபி அன்னான் அங்கே படித்தவர்.

பிரிட்டனில் படிப்பு ஓராண்டிலேயே முடிந்துவிடுவது செலவைக் குறைக்கிறது. ஆனால் படித்த பின் வேலை தேடத் தங்கும் காலத்தை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு, இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதங்களாகக் குறைப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்துள்ளது.

அமெரிக்காவைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்குள்ள தொழிற்பயிற்சிப் பள்ளிகள் உலகத் தரமானவை என்பதில் ஐயமில்லை. சிக்கல் சந்தையில் இருக்கிறது. அந்தப் பள்ளிகளின் முதன்மை வாடிக்கையாளர் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு. வெளியுறவுத் துறை, பாதுகாப்புத் துறை, அவற்றின் ஒப்பந்த நிறுவனங்கள் ஆகியவற்றின் பெரும்பாலான பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை தேவை. ஆகவே, பக்கத்து இருக்கையில் அமரும் அமெரிக்க மாணவருக்கு அந்தப் பட்டம் திறக்கும் கதவுகளில் பாதி இந்திய மாணவருக்குத் திறப்பதில்லை. 2025 ஜூலையில் அமெரிக்காவின் அயல்நாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் மூடப்பட்டு, அதன் எஞ்சிய பணிகள் வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட்டன. அதே மாதம் வெளியுறவுத் துறையும் 1,300-க்கு மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இப்போது தொண்டு நிறுவன வேலைகளுக்குப் புதியவர்களோடு வரிசையில் நிற்கிறார்கள். ஐ.நா.வும் அதே ஆண்டு யுஎன்80 என்ற பெயரில் ஆட்குறைப்பில் இறங்கியது. மேலும், பன்னாட்டு விவகாரப் பட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் படித்த பின் 12 மாதம் மட்டுமே வேலை செய்ய அனுமதி. அறிவியல், தொழில்நுட்ப வகையில் சேர்க்கப்பட்ட, புள்ளியியலோ நிதிப் பொருளாதாரமோ மிகுந்த சில பாடத்திட்டங்களுக்கே கூடுதலாக 24 மாதம் கிடைக்கும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாடத்திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஐந்தாம் படி: கடனைக் கணக்கிடுங்கள்

வாஷிங்டன், நியூயார்க் நகரங்களின் பெரிய பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. இரண்டு ஆண்டு, வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு கோடி ரூபாயை எளிதில் கடந்துவிடும். அதில் 60 லட்சத்தை மட்டும் 11 சதவீத வட்டியில் பத்து ஆண்டுக் கடனாக வாங்குவதாகக் கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 82,600 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. ஐ.எஃப்.எஸ். அதிகாரி பணியில் சேரும்போது பெறும் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். டெல்லி ஆய்வு நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரின் மாத வருமானம் பெரும்பாலும் இந்தத் தவணையை எட்டாது. ஆகவே, பெற்றோரின் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து இந்தப் பட்டத்தை வாங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. உதவித்தொகை கிடைக்காவிட்டால் போகாமல் இருப்பது, அல்லது கட்டணம் குறைந்த இடத்துக்குப் போவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் பிறகு மனம் தடுமாறாது.

உதவித்தொகைகள் இருக்கின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பொது, பன்னாட்டு விவகாரப் பள்ளி தன் இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பில் (MPA; இது பொது விவகாரங்களுக்கான பட்டம், வணிக மேலாண்மை அன்று) சேரும் எல்லோருக்கும் கட்டணத்தை முழுவதும் ஏற்கிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கட்டணத்தோடு மாதம் 1,400 யூரோவும் தருகிறது. கிளாஸ்கோ, பிராக் போன்ற நகரங்களில் மாறி மாறிப் படிக்கும் பாதுகாப்பு ஆய்வுப் பட்டம் அதன் கீழ் வருகிறது. பிரிட்டனின் செவெனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும், படித்து முடித்து இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்கவும் வேண்டும். இன்லாக்ஸ் அறக்கட்டளையும் உண்டு. தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள், வெளிநாட்டு உயர்கல்விக்காக மாநில அரசு நடத்தும் அண்ணல் அம்பேத்கர் திட்டத்தையும், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையையும் பார்க்க வேண்டும். எந்தப் பாடங்கள், எந்தப் பல்கலைக்கழகங்கள் ஏற்கப்படுகின்றன என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் சரிபார்க்க வேண்டும்.

ஆறாம் படி: இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்

தொழிற்பயிற்சிப் பள்ளிகள் பணி அனுபவம் உள்ளவர்களை விரும்புகின்றன. பெரிய உதவித்தொகைகள் பல அதை நேரடியாகவே கேட்கின்றன. எங்கே வேலை என்பது அவ்வளவு முக்கியமன்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு முகவர் அலுவலகம், அகதிகள் முகாம்களில் பணிபுரியும் தொண்டு நிறுவனம், சென்னையில் உள்ள ஒரு துணைத் தூதரகத்தின் உள்ளூர்ப் பணியாளர் பதவி, ஒரு நாளிதழின் செய்திப் பிரிவு, எதுவாக இருந்தாலும் எல்லை கடந்த ஏதோ ஒன்று உங்கள் கையில் பட்டிருக்க வேண்டும்.

நோக்கக் கட்டுரையில் சிறுவயதிலிருந்தே உலக அமைதியில் ஆர்வம் என்று எழுதாதீர்கள். தேர்வுக் குழு அந்த வரியை அன்றைக்கே பலமுறை படித்திருக்கும். நீங்கள் நேரில் கண்ட ஒரு சிக்கல், அதைத் தீர்க்க உங்களுக்குத் தெரியாமல் போன ஒன்று, அதைக் கற்பிக்கும் பாடம் அந்தப் பள்ளியில் எது, படித்த பின் எந்த வேலை என்ற நான்கையும் இந்த வரிசையிலேயே எழுதினால் போதும். பரிந்துரைக் கடிதத்தைப் பதவியில் பெரியவரிடம் கேட்பதைவிட, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம் கேளுங்கள். செவெனிங் விண்ணப்பம் ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடுகிறது, அமெரிக்கப் பள்ளிகளின் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் முடிகிறது. சேர வேண்டிய நாளுக்கு ஒன்றேகால் ஆண்டு முன்னரே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

ஏழாம் படி: அனுமதிக் கடிதம் வந்த பிறகு

அனுமதி கிடைத்ததும் நிதிப் பிரிவுக்கு எழுதி, உதவித்தொகையைக் கூட்ட முடியுமா என்று கேளுங்கள். வேறு பள்ளி கூடுதலாகத் தந்திருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை, அந்தப் பள்ளிகள் இதை எதிர்பார்த்தே இருக்கின்றன. பிறகு வேலைவாய்ப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கி, மூன்று செய்திகளை அதில் தேடுங்கள்: கணக்கெடுப்புக்குப் பதில் சொன்னவர் எத்தனை பேர், அவர்களுள் வெளிநாட்டு மாணவர்களின் நிலை தனியாகக் காட்டப்பட்டுள்ளதா, வேலை என்பதில் குறுகிய காலப் பயிற்சிகளும் சேர்க்கப்பட்டுள்ளனவா. அறிக்கை மழுப்பினால், அந்தப் பள்ளியில் படித்த இந்தியர், இலங்கையர் சிலரை லிங்க்ட்இன்னில் தேடி நேரடியாகக் கேட்பதே சிறந்தது. எந்த வேலையில் இருக்கிறீர்கள் என்பதோடு, பட்டம் பெற்று எத்தனை மாதம் கழித்து அது கிடைத்தது என்றும் கேளுங்கள்.

வகுப்புகள் தொடங்கியதும் முதல் பருவத்திலேயே புள்ளியியலையும் பொருளியலையும் எடுத்துவிடுங்கள். தயக்கத்தால் இவற்றை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிவைப்பவருக்கு, இடைக் கோடை விடுமுறையில் கிடைக்கும் நல்ல பயிற்சி வேலைகள் கைநழுவிப் போகும். அந்தப் பயிற்சி வேலைதான் பல நேரங்களில் முதல் வேலையாக மாறுகிறது.

இந்தியாவுக்குத் திரும்பிக் கல்லூரி ஆசிரியராகவோ முனைவர் பட்ட மாணவராகவோ சேர நினைப்பவர், வெளிநாட்டுப் பட்டங்களின் இணைத்தன்மை பற்றி யு.ஜி.சி. 2025-ல் வெளியிட்ட விதிகளைப் புறப்படும் முன்பே வாசித்துவிட வேண்டும். ஓராண்டுப் பட்டமாக இருந்தால் இது இன்னும் அவசியம். பாடவாரியான மதிப்பெண் பட்டியல், ஒவ்வொரு பாடத்தின் விரிவான திட்டம், வருகைக் காலத்தைக் காட்டும் கடிதம் ஆகியவற்றைப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரையோடு வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள். ஊருக்கு வந்த பிறகு மின்னஞ்சலில் கேட்டுப் பெறுவதற்கு மாதக்கணக்கில் இழுக்கும்.